பற்றவைத்த கொக்கி

ஜீப்பின் நான்கு சக்கரங்களும் பாதிவரை மணலுக்குள் போன பிறகும் வெல்டர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இருந்தால் எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம் என்று ஒரு மாதமாக வீட்டில் அளந்துகொண்டிருந்தவர். நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருந்த வறண்ட ஆற்றுக்கு, போன வாரம் வாங்கிய பழைய ஜீப்பில், முதல் தடவையாக வந்திருந்தார். காலையில் போய் மாலைக்குள் திரும்புவதாக ஏற்பாடு. கூட வந்தவன் மனைவியின் தம்பி. டயர் கடை வைத்திருக்கிறான். மாமனுக்கு இரும்பின் மேல் நம்பிக்கை, மச்சானுக்குக் காற்றின் மேல்.

மச்சான் இறங்கி டயரை அழுத்திப் பார்த்தான். காற்றைப் பாதியாக இறக்கினால் டயர் படர்ந்து தானாக ஏறிவரும் என்றான். ஊரெல்லாம் காற்றடித்துப் பிழைக்கிறவன் இங்கே பிடுங்கச் சொல்கிறானே என்று வெல்டர் கிண்டலடித்தார். முந்தின நாள் ஜீப்பின் முகப்பில் தானே பற்றவைத்த கொக்கியைக் காட்டி, எதிர்ப் பாறையில், நெம்பினால் கயிற்றைச் சுற்றி இழுக்கிற கை வின்ச்சைக் கட்டிக் கம்பிக் கயிற்றால் இழுத்தால் வேலை முடிந்தது என்றார். மச்சான் குனிந்து கொக்கியைத் தடவினான்.

"துருவத் தேய்க்காமலே வெச்சிருக்கீங்க மாமா. யாரு சொன்னாலும் கேக்க மாட்டீங்க. அக்கா பத்து வருஷமா அழறது இதுக்குத்தான்."

துரு விஷயம் உண்மை. துரு தேய்க்கும் கிரைண்டரை எடுக்கச் சோம்பல்பட்டு, துருவின் மேலேயே வெல்டிங்கில் ஒரு கோடு இழுத்து விட்டிருந்தார். உண்மை என்பதால்தான் கை முந்திக்கொண்டது. அறை விழுந்த வேகத்தில் மச்சான் பானெட்டில் மோதினான். மோதியவன் தலையைத் தாழ்த்தி நேராக அவர் வயிற்றில் பாய்ந்தான். இருவரும் மணலில் கட்டிப் புரண்டார்கள். மச்சானின் முழங்கை அவர் மூக்கை உடைத்தது. அவர் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்து, பிடரியைப் பிடித்து முகத்தை மணலுக்குள் அழுத்தினார். மூச்சுக்குத் திணறி அவன் தரையைத் தட்டிய பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் அவருக்கு இனித்தது. விட்டதும் அவன் மணலைத் துப்பிவிட்டு, வின்ச்சைத் தூக்கிக்கொண்டு பாறைக்கு நடந்தான்.

கயிறு விறைக்கும்வரை மச்சான் நெம்புகோலை ஆட்டினான். ஜீப் அசையவில்லை. ஆத்திரம் அடங்காத வெல்டர் ரிவர்ஸ் போட்டு வெடுக்கென்று உலுக்கினார். கொக்கி, தகடோடு பிய்ந்து, கயிறு போன வழியே பறந்தது. ஓடு உடைகிற மாதிரி ஒரு சத்தம். அவர் ஓடிப் போய்ப் பார்த்தபோது மச்சானின் கீழ்த்தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. சட்டையில் இரண்டு பற்கள் ஒட்டியிருந்தன.

போனில் சிக்னல் இல்லை. அவனைப் பின்சீட்டில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, பனியனைக் கிழித்துத் தாடையைக் கட்டினார். பிறகு மண்டியிட்டு, சற்றுமுன் எதைக் கிண்டலடித்தாரோ அதையே செய்தார்: ஒவ்வொரு டயராகக் காற்றை இறக்கினார். நான்கு சக்கரங்களைச் சுற்றியும் கையால் மணலைத் தோண்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார். வழக்கம்போல அழுத்தி மிதித்தார். சக்கரம் சுழன்றது. முதுகுக்குப் பின்னால் சீட்டில் ஓர் உதை விழுந்தது. காலைத் தளர்த்தினார். ஜீப் மெல்ல மேலே ஏறியது.

அதன்பின் வழியெல்லாம் அந்த உதைதான் பேசியது. வேகம் கூடினால் உதை, பள்ளம் பார்க்காமல் விட்டால் உதை. யாரிடமும் ஓர் அடி வாங்கிச் சும்மா இருந்தவரல்ல அவர். இன்றைக்கு ஒவ்வொன்றுக்கும் "சரிடா, சரிடா" என்றார். கல்யாணத்தன்று அரை டிரவுசரோடு தன் செருப்பை ஒளித்துவைத்தவன் இவன்தான் என்ற நினைப்பு வந்தது.

தார்ச்சாலை வந்தது. பின்னாலிருந்து அசைவே இல்லை. கண்ணாடியில் அவன் தோள் மட்டும் தெரிந்தது.

"மச்சான், தூங்கிடாதடா. நான்தான் தப்பு. கேக்குதா?"

ஆஸ்பத்திரி இன்னும் ஆறு கிலோமீட்டர். காற்றிறங்கிய டயர்கள் சாலையில் மொத்து மொத்தென்று அடித்தன. வெல்டர் முதல் கியருக்கு இறக்கி, இன்ஜின் அலறும்படி ஆக்ஸிலேட்டரை முழுதும் மிதித்தார், ஒன்றுமே தெரியாத முட்டாள்போல. முதுகைச் சீட்டோடு ஒட்டிவைத்துக் காத்திருந்தார்.