நாத்தனார் முடிச்சு

துளசி போதையை விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. முதல் தடவை மறுவாழ்வு மையத்திலிருந்து வந்தவள் திரும்ப விழுந்தாள். இரண்டாம் தடவை எழுந்தவள் விழவே இல்லை. இப்போது ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஆனால் சித்தி இராஜம்மா இருக்கிறாளே, மகராசி, அவளுக்கு மட்டும் துளசி நேற்றுத்தான் மையத்திலிருந்து வந்தவள். துளசி வாசலில் தலைகாட்டினால் போதும், சித்தியின் கைப்பை மடிக்கு ஏறிவிடும்.

இன்று தம்பி திலீப்புக்கு ஈஜோக் கோயிலில் கல்யாணம். முன்னின்று நடத்துவது சித்திதான், தாலியும் அவள் பொறுப்பு. தாலிக்கு மூன்றாவது முடிச்சு போடுவது மாப்பிள்ளையின் அக்காளுக்கு உள்ள உரிமை. அதற்கென்றே துளசி புதுப் பட்டுச்சேலை எடுத்திருந்தாள்.

"முடிச்ச ஷர்மினி போடட்டும்லா," என்றாள் சித்தி, எல்லார் காதிலும் விழும்படி. "இவளுக்குக் கை நடுங்குனா? சபையில நமக்குத்தான அசிங்கம்."

ஷர்மினி சித்தி பெற்ற சீமாட்டி. சொந்த அக்கா குத்துக்கல்லாட்டம் நிற்கும்போது இவள் வந்து முடிச்சு போடுவாளாம்! திலீப் தலையைக் குனிந்துகொண்டான். பெரிய வீரன். துளசி வாயைத் திறந்தால் 'பாத்தியா, பழைய புத்தி போகல' என்பார்கள். பின்னால் போய் நின்றாள்.

குருக்கள் தட்டை நீட்டினார். "தாலிய வைங்கம்மா, சபைக்குக் காட்டணும்."

சித்தி கைப்பையைத் துழாவினாள். முகம் வெளுத்தது. "ஐயோ! நேத்து துளசி நம்ம வீட்டுக்கு வந்தாளேன்னு அரிசி வாளிக்குள்ள ஒளிச்சு வெச்சேன்..."

புக்கிட் பெலிம்பிங்கில் சித்தி வீட்டில், அரிசிக்கு அடியில் கிடந்தது தாலி. என்ன சாமர்த்தியம்! போய் எடுத்துவர நேரமில்லை, முகூர்த்தம் முடியப்போகிறது. மணப்பெண் லோகேஸ்வரி அழத் தொடங்கினாள். ஆளாளுக்குக் கத்தினார்கள்.

துளசி மேடையேறினாள். தட்டிலிருந்த மஞ்சள் கிழங்கை எடுத்தாள், பக்கத்திலிருந்த மஞ்சள் கயிற்றில் வைத்துக் கட்டினாள். "இதுவும் தாலிதான சாமி?"

"தாராளமா," என்றார் குருக்கள்.

துளசியின் கை நடுங்கவில்லை. நடுங்கியதெல்லாம் சித்தியின் கைதான்.

திலீப் இரண்டு முடிச்சு போட்டான். ஷர்மினி கூச்சமே இல்லாமல் முன்னே வந்தாள்.

"நீ தள்ளு," என்றான் திலீப். இத்தனை வருஷத்தில் இன்றுதான் அவனுக்கு வாய் திறந்தது. "அக்கா, நீ வா."

துளசி முடிச்சை இறுக்கிப் போட்டாள். பிறகு சித்தியிடம் குனிந்தாள்.

"வீட்டுத் தாலியப் பத்திக் கவலப்படாதீங்க சித்தி, பத்திரமா இருக்கும். நான் இங்கதான இருக்கேன்."