மூன்றாம் நாள் சோதனை

ஹேஜின் நெற்றி தரையில் படக் குனிந்திருந்தபோது இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. எதிரே குனிந்தவர் அப்பாவின் பழைய கூட்டாளி. எழுந்து, "திடீர்னு போயிட்டாரேம்மா" என்று சொல்லிவிட்டு, காரமான மாட்டுக்கறிக் குழம்பு பரிமாறுகிற பக்கம் நகர்ந்தார். ஆஸ்பத்திரியோடு ஒட்டிய சாவுக் கூடம் அது. நடுவில் வெள்ளைச் செவ்வந்திகளுக்குள் அப்பாவின் படம். வேலை கெடுகிறதே என்று போட்டோக்காரனை முறைக்கிற அதே பார்வை.

போனில் பேசியவன் தோவன். அப்பாவின் தொழிற்சாலையில், தகடு அடிக்கிற பிரஸ் மிஷின்களில் உணர்கருவிகளை மாட்டித் தந்த கம்பெனிப் பையன்.

"அக்கா, இந்த நேரத்துல கூப்பிடுறேன், மன்னிச்சுக்கங்க. உங்க மிஷின்கள்லேர்ந்து ஒரு தகவலும் வரல. நாலு பிரஸ்ஸும் செத்துக் கிடக்கிற மாதிரி காட்டுது." சொன்ன கையோடு அவன் "ச்சே" என்று நாக்கைக் கடித்துக்கொண்டது இவளுக்குக் கேட்டது.

"எப்போலேர்ந்து?"

"நேத்து மத்தியானத்துலேர்ந்து."

நேற்றுச் சாயங்காலம்தான் அப்பா தொழிற்சாலையின் உடை மாற்றும் அறையில் சரிந்து விழுந்தார். காலையில் அவர்களுக்குள் பெரிய சண்டை. "அந்தப் பெட்டி என்னை வேவு பாக்குது. இனிமே அதையே அப்பான்னு கூப்பிட்டுக்கோ!" என்று கத்திவிட்டுப் போனவர் அப்புறம் அவளோடு பேசவே இல்லை. மிஷின்களின் தகவலெல்லாம் போய்ச் சேர்கிற தலைமைப் பெட்டி அது.

நாளைக் காலை அதிகாரி வருகிறார். சின்னத் தொழிற்சாலைகளும் நவீனமாகட்டும் என்று அரசு தருகிற மானியம். செலவில் பாதி அவர்களுடையது, ஆனால் எல்லாம் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தருவார்கள். ஆண்டுக் கடைசி. தள்ளிப்போட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். அந்தப் பாதியும் அவள் தலையில் விழுந்தால் தொழிற்சாலையை விற்க வேண்டியதுதான். சித்தப்பா தொக்சு வாங்குவதற்கு ஆளே பார்த்து வைத்திருக்கிறார்.

"சித்தப்பா, நான் கொஞ்சம் தொழிற்சாலை வரைக்கும் போயிட்டு வரேன்."

"என்ன விளையாடுறியா? ஒரே பிள்ளை நீ. கையில துக்கப்பட்டை கட்டியிருக்க. வர்றவங்க யாருக்குக் குனிவாங்க, சுவத்துக்கா?" விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணன் பிடுங்கிப் போட்டுட்டுப் போயிருப்பான். செத்தும் உன்னை ஜெயிச்சுட்டான் பாரு."

ஹேஜினும் அதைத்தான் நினைத்தாள். அப்பா கடைசியாகச் செய்த காரியம் தன் காலை வாரியதா? மானியம் போவதைவிட அது பெரிதாக வலித்தது.

அதுவரை மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தாள். மகள் கையிலிருந்த பட்டையை அவிழ்த்துத் தன் கையில் மாட்டிக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் நின்றாள். "போயிட்டு வா," என்றாள்.

டாக்சியைவிட்டு இறங்கியபோது தொழிற்சாலை வாசலில் பிமல் நின்றிருந்தான். நேபாளத்துக்காரன், அப்பாவோடு பிரஸ் ஓட்டுகிறவன். அவளுடைய கறுப்புத் துக்க உடையைப் பார்த்ததும் அழுதுவிட்டான்.

"பெட்டிய யாரு தொட்டா, பிமல்?"

அவன் சுவரின் உச்சியில் மாட்டியிருந்த பெட்டியை நிமிர்ந்து பார்த்தான். அவள் ஏணியைச் சாய்த்து ஏறினாள். பெட்டிக்கு மேலே, வெள்ளை நூல் சுற்றிய உலர்ந்த மீன் ஒன்று வாயைப் பிளந்து கிடந்தது. கதவைத் திறந்ததும் புளித்த வாடை முகத்தில் அடித்தது. அரிசியில் புளிக்கவைத்த கள். மேலே ஒயர் நுழைகிற ஓட்டை வழியாக இறங்கி, உள்ளே எல்லாவற்றின் மேலும் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

புது மிஷின் வந்தால் பன்றித்தலை வைத்துப் படைத்து, நாலு மூலையிலும் கள் ஊற்றி, நூல் சுற்றிய மீனைக் கட்டாமல் அப்பா சுவிட்சைத் தொடமாட்டார். இந்தப் பெட்டி வந்த அன்று மட்டும் அதைச் செய்யவில்லை. அவளும் கேட்கவில்லை.

"முதலாளிதான் பண்ணாரு," என்றான் பிமல். "நேத்து காலையில உங்களத் திட்டிட்டு நேரா சந்தைக்குப் போனாரு. இதுவும் நம்ம வீட்டுக்கு வந்ததுதானே, சும்மா விடக்கூடாதுன்னாரு. பன்றித்தலை கிடைக்கல, பன்றிப் படம் போட்ட உண்டியல வச்சுக் கும்பிட்டோம். பெட்டி தரையில இல்லியே, அதான் மேலயே ஊத்திட்டாரு. பெட்டி விளக்கு அணைஞ்சதும் அவரு முகம் செத்துப்போச்சு. ஹேஜின்கிட்ட நானே சொல்றேன், நீ வாயத் திறக்காதன்னாரு."

அவள் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கள் காய்ந்த அந்த உலோகத்தை உடை நுனியால் துடைக்கப்போய், துடைக்காமல் கையை எடுத்துக்கொண்டாள்.

தோவனைப் போனில் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னாள். "மழைத்தண்ணின்னா மாத்தித் தருவோம்க்கா. கள்ளுக்கு என்ன செய்யறதுன்னு எங்க கம்பெனியில யாருக்கும் தெரியாது. வேற இடத்துக்கு வச்சிருந்த பெட்டி ஒண்ணு இருக்கு. காலையில கொண்டாரேன், நேரத்துக்கு ஓடுமான்னு மட்டும் கேக்காதீங்க."

மறுநாள், சாவின் மூன்றாம் நாள் காலை, அப்பாவின் உடலோடு தகனத்துக்குப் போகும் பேருந்து வழியில் தொழிற்சாலை வாசலில் நின்றது. செத்தவருக்கு அவர் வேலை செய்த இடத்தை ஒருமுறை சுற்றிக் காட்டிவிட்டுத்தான் கொண்டுபோவார்கள். சித்தப்பா படத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். உள்ளே தோவன் இன்னும் ஏணியில் நின்று புதுப் பெட்டியை மாட்டிக்கொண்டிருந்தான்; அப்பாவின் மீன் அதன் மேலேயே மறுபடி கிடந்தது. அவனுக்குக் கீழே நின்ற மானிய அதிகாரி, படத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் குனிந்து நிமிர்ந்து, மறுபடி மிஷின் தகவலைக் காட்டுகிற சுவர்த் திரையைப் பார்த்தார். திரை கறுப்பாகவே இருந்தது.

"எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு," என்றார் மெதுவாக. "ஆனா ஓடுறத நான் பாத்தாகணும்."

"இப்ப போடுங்க!" என்று தோவன் மேலேயிருந்து கத்தினான்.

பிமல் பிரஸ்ஸை ஓடவிட்டான். தரை அதிர்ந்தது.

"சாவு உள்ள வந்திருக்கு, நிறுத்துடா!" சித்தப்பாவின் முகம் சிவந்தது. "ஹேஜின், உனக்கு மானம் மரியாதை இருக்கா? அண்ணன் படம் நடுங்குது பாரு!"

பிமல் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். பேருந்திலிருந்து இறங்கிய எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

"ஓடட்டும்," என்றாள் ஹேஜின். "அப்பா இருக்கும்போது இது ஒருநாளும் நின்னதில்ல."

அம்மா வந்து சித்தப்பா கையிலிருந்த படத்தை வாங்கிக்கொண்டாள். ஓடுகிற பிரஸ்ஸுக்கு நேரே அதைப் பிடித்தாள். தகடு விழுந்தது, இன்னொன்று விழுந்தது. திரையில் ஒரு பச்சைப் புள்ளி தோன்றி, கோடாகி, மேலே ஏறத் தொடங்கியது. தோவன் ஏணியிலேயே தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

அதிகாரி போனை எடுத்தார். "பெட்டிய ஒரு படம் எடுத்துக்கிறேன். மேல இருக்கிற அந்த மீன மட்டும் கொஞ்சம் எடுத்திடலாமா?"

"அது பெட்டியோடதுங்க," என்றாள் ஹேஜின். "இருக்கட்டும்."

அவர் அவளைப் பார்த்தார், அம்மா கையிலிருந்த படத்தைப் பார்த்தார். பிறகு, மீனும் முழுசாக வருகிற மாதிரி, ஓரடி பின்னால் போய் நின்றுகொண்டார்.