ரூபியின் பாதி மாத்திரை

நீதிமன்றப் படிகளில் இறங்கும்போது அந்த ஆள் என்னைப் பார்த்துச் சிரித்தான். சிங்கப்பூரின் கிளமெண்டியில் பள்ளிக்கூடத்தை ஒட்டிய அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், பை நிறைய மாத்திரையோடு கையும் களவுமாகப் பிடிபட்டவன். இப்போது ஹாயாக டாக்ஸி தேடிக்கொண்டிருந்தான். அவனை வெளியே விட்டது நான்தான். அரசாங்க ஆய்வுக்கூடத்தின் ரசாயன நிபுணர் உர்சுலா சவரிராஜாகிய நான் சாட்சிக் கூண்டில் ஏறி, இந்த மாத்திரையில் இருப்பது சட்டம் தடை செய்திருக்கும் மருந்து அல்ல என்று சத்தியம் செய்து சொன்னேன். உண்மை அதுதான், வேறு என்னத்தைச் சொல்ல?

சட்டத்தில் தடை செய்த மருந்துகள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி இருந்தன. வியாபாரிகளும் படித்தவர்கள். பழைய தூக்க மாத்திரையின் மூலக்கூறில் ஓர் ஓரத்தை மட்டும் மாற்றினார்கள். போதை அதேதான், பெயர் மட்டும் வேறு. நாங்கள் புதுப் பெயரைச் சட்டத்தில் சேர்த்து முடிப்பதற்குள் அவர்கள் இன்னொரு ஓரத்தை மாற்றிவிடுவார்கள். 1982இல் ஆறு மாதமாக இந்தக் கண்ணாமூச்சிதான். அன்று அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

சட்டத்தைக் கையில் வைத்திருந்த அமைச்சுக்கும் பற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டும். பெயர் சொல்லித் தடுக்காமல், இனிமேல் வரப்போகும் மருந்துகளையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி ஒரு வரையறை எழுதச் சொன்னார்கள். எழுத மூன்று பேர்: ஆய்வுக்கூடத் தலைவர் அழகப்பன், சட்டங்களுக்கு வாசகம் எழுதும் வழக்கறிஞர் நெய்னா முகம்மது, நான். மூவரும் தமிழர்களாக அமைந்தது தற்செயல். அறைக்குள் ஆங்கிலத்தில் ஆரம்பித்து, சண்டை வந்ததும் தமிழுக்கு வந்துவிடுவோம்.

அழகப்பன் முதல் கூட்டத்துக்கே வரையறையோடு வந்தார். மனத்தின் நிலையை மாற்றும் எந்தப் பொருளும் தடை. அவ்வளவுதான், ஒரே வரி. அவர் முகத்தில் பிரசவம் முடிந்த பூரிப்பு.

"நல்லா இருக்கு சார். உடைச்சுப் பாத்துருவோமா?" என்றார் நெய்னா.

அவருடைய வேலை முறை அப்படி. எந்த வாசகத்தை எழுதினாலும் ஒரு வாரம் அதை உடைக்கப் பார்ப்பார். அயோக்கியன் எவனாவது இதில் தப்புகிறானா, அப்பாவி எவனாவது இதில் மாட்டுகிறானா என்று தேடுவார். உடைக்கிற வேலையை அன்று என் தலையில் கட்டினார். எனக்கு அதைவிட என்ன வேண்டும்? மத்தியானமே சிராங்கூன் சாலைக்குப் போய் சேக் தாவூதின் நாட்டு மருந்துக் கடையில் நின்றேன்.

ஜாதிக்காய், கசகசா, கொட்டைப்பாக்கு, தூக்கத்துக்கென்று அவர் கடையில் கிண்டும் லேகியம் என்று நான் கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது.

"என்னம்மா, வீட்ல யாருக்கும் தூக்கம் வரலியா?"

"எல்லாரும் நல்லாத் தூங்குறாங்க பாய். கவர்மெண்டு இதையெல்லாம் தடை பண்ணிடுமான்னு பாக்கப் போறேன்."

"அப்படியா? அப்ப இன்னும் கொஞ்சம் சேத்து வாங்கிக்க லா," என்றார் அவர், சிரிக்காமல்.

மறுநாள் அத்தனையையும் மேசைமேல் பரப்பினேன். அழகப்பன் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துவிட்டு உம்மென்று இருந்தார். நெய்னா அவர் கையிலிருந்த காப்பிக் கோப்பையைக் காட்டி, "சார், அதுவும் மாட்டுது," என்றார். அந்த வரையறை அங்கேயே செத்தது.

என் முறை வந்தது. கரும்பலகையில் அந்த மாத்திரைகளுடைய மூலக்கூறின் எலும்புக்கூட்டை வரைந்தேன். ஒட்டிக்கொண்ட இரண்டு வளையங்கள், அவற்றிலிருந்து தொங்கும் மூன்றாவது வளையம். இதுவரை பிடிபட்ட எல்லா மாத்திரைக்கும் இதே எலும்புதான். வியாபாரி மாற்றுவதெல்லாம் தொங்கும் வளையத்தின் நுனியில் இருக்கும் சின்னத் துணுக்கை.

"மூக்குத்திய மாத்தினா ஆள் மாறிடுமா சார்? நாம மூக்குத்தியப் பாக்க வேண்டாம். முகத்தத் தடை பண்ணுவோம்."

நெய்னா பேனாவைத் திறந்தார். இந்த மூன்று வளைய எலும்பு எதில் இருக்கிறதோ, அது எந்தப் பெயரில் வந்தாலும் தடை. எழுதி முடித்ததும் எனக்கு நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. இன்னும் எவனும் செய்யாத மருந்து, எவன் மூளையிலும் உதிக்காத மருந்து, அதுகூட இந்த வரியில் விழும். பிறக்காத பிள்ளைக்கு முன்கூட்டியே விலங்கு செய்து வைத்துவிட்டோம். அழகப்பன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெள்ளிக்கிழமை அமைச்சுக்கு அனுப்ப நாள் குறித்தோம்.

அதற்கு முன் வழக்கம்போல உடைக்கும் வேலை. இந்த முறை, வீட்டில் கிடக்கும் மருந்துகளையெல்லாம் கொண்டுவந்து ஆய்வுக்கூட இயந்திரத்தில் போட்டுப் பார்ப்பது என்று முடிவு. அது மருந்தைச் சிதறடித்து, உள்ளே என்ன எலும்பு இருக்கிறது என்று கோடுகளாக வரைந்து காட்டும். அழகப்பன் தன் இரத்த அழுத்த மாத்திரையைத் தந்தார். நெய்னா தன் அம்மாவின் மூட்டுவலி மருந்தைத் தந்தார். நான் என் தங்கை ரூபியிடம் கேட்டேன்.

ரூபியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவளுக்கு வலிப்பு. பேருந்தில் விழுந்திருக்கிறாள், கோயிலில் நற்கருணை வாங்கப் போகும் வரிசையில் விழுந்திருக்கிறாள். எந்த வேலையிலும் அவளை வைத்துக்கொள்ள மாட்டார்கள். போன தவக்காலத்தில் ஆஸ்பத்திரியில் ஒரு புது மருந்தைச் சோதனைக்குக் கொடுத்தார்கள். வெளிநாட்டுக் கம்பெனியின் மருந்து, பெயர் வைக்கவில்லை, வெறும் எண்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களுக்கும் சொல்லவில்லை. அதைச் சாப்பிடத் தொடங்கியதிலிருந்து ஒரு தடவைகூட விழவில்லை. இப்போது ஜூரோங்கில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து முடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டுகிறாள். அவளுக்குச் சம்பளம் வந்த முதல் நாள் எங்கள் வீட்டில் நடந்த கூத்தை இங்கே சொல்லி முடியாது.

"முழுசு தர மாட்டேன்கா. டாக்டர் மாத்திரைய எண்ணிப் பாப்பாரு. தொட்டியில விழுந்து கரைஞ்சது ஒண்ணு இருக்கு, அதுல பாதி மிச்சம். வேணும்னா எடுத்துக்க," என்றாள்.

அந்தப் பாதியைக் கடைசியாக இயந்திரத்தில் போட்டேன். அதற்கு முன் போட்ட ஒன்றும் வரையறையில் விழவில்லை. நான் குஷியாக இருந்தேன். ரூபியின் மருந்து போதைக்கு நேரெதிர், அது எதற்கு விழப்போகிறது என்று வாயில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே காகிதத்தை இழுத்தேன்.

மூன்று வளையம். அதே எலும்பு.

இன்னொரு துளியை எடுத்து மறுபடி போட்டேன். அதே கோடுகள்தான் வந்தன. என் கையாலேயே என் தங்கையின் மருந்தைத் தடை செய்திருந்தேன்.

மறுநாள் காலை இரண்டு பேரிடமும் காகிதத்தைக் காட்டிவிட்டேன். மூடி மறைக்கிற விஷயமா இது?

"டாக்டர் குடுக்குற மருந்துக்கு விதிவிலக்கு எழுதலாமே," என்றேன்.

நெய்னா தலையை ஆட்டினார். "எழுதலாம். ஆனா தடை செஞ்ச பொருளா ஆயிட்டா ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தனி லைசென்ஸ், தனிக் காவல். சோதனைக்கு மருந்து அனுப்புற கம்பெனி அவ்வளவு கஷ்டப்படாது. சிங்கப்பூரை விட்டுட்டு வேற ஊருக்குப் போயிடும்."

அழகப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வருத்தமாத்தான் இருக்கு உர்சுலா. அதுக்காக உன் தங்கச்சிக்குன்னு நாட்டுச் சட்டத்த வளைக்க முடியுமா?"

எனக்கு இரத்தம் கொதித்தது. வளைக்கச் சொல்லி யார் கேட்டது? காகிதத்தை அவர் முன்னால் தள்ளினேன்.

"நல்லாப் பாருங்க சார். ஒட்டுன ரெண்டு வளையத்து முதுகுல இங்க ஒரு பெரிய மூட்டை இருக்கு. நாம பிடிச்ச எந்தப் போதை மாத்திரையிலயும் இந்த மூட்டை இல்ல. முதுகு வெறுமையா இருந்தா தடை, மூட்டை இருந்தா தடை இல்லன்னு எழுதுவோம்."

"வியாபாரியும் அதே மூட்டைய ஏத்திக்கிட்டு வருவான். கதவத் திறந்து வைக்கச் சொல்றே."

"ஏத்தட்டும் சார். ஏத்தினா போதை போயிடும். போதை இல்லாத மாத்திரைய எவன் காசு குடுத்து வாங்குவான்?"

"போதை போயிடும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அதச் சாப்பிடுற ஆளோட ஒரே வீட்ல இருக்கேன்."

நெய்னா நிமிர்ந்தார். "அந்த ஆளைக் கூட்டிக்கிட்டு வாங்க."

ரூபிக்கு அந்த வாரம் மாலை ஷிப்ட். மறுநாள் காலை தொழிற்சாலைச் சீருடையிலேயே வந்து, எங்கள் மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் பயப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ பள்ளி இன்ஸ்பெக்டர் மாதிரி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"மாத்திரை போட்டா தலை சுத்துமா? சந்தோஷமா இருக்குமா? மிதக்கிற மாதிரி?" என்று கேட்டார் அழகப்பன்.

"சுத்தினா அந்தக் கம்பிய எப்படி ஒட்டுவேன் சார்? ஒரு சிப் கெட்டா சூப்பர்வைசர் என்னைத் தின்னுடுவா." பையிலிருந்து தண்ணீர்ப் புட்டியை எடுத்தாள். "காலை மாத்திரை இன்னும் போடல. உங்க முன்னாலேயே போடுறேன். பாத்துக்குங்க."

போட்டாள். படித்த நாங்கள் மூன்று பேரும் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மிதப்பதற்காகக் காத்திருந்தோம் என்று நினைக்கிறேன். அவள் பொறுத்துப் பார்த்தாள். மணி அடித்து, இடைவேளைக் காப்பி வந்து, அதுவும் ஆறிப்போனது. பிறகு அழகப்பனிடம், "சார், உங்க சட்டையில ரெண்டாவது பட்டன் நூல் விட்டிருக்கு. ஊசி இருந்தா குடுங்க, போதை வர்ற வரைக்கும் தைச்சுக்கிட்டாவது இருக்கேன்," என்றாள். நெய்னா வாயைப் பொத்திக்கொண்டார்.

ஒரு ரூபியை மட்டும் வைத்துச் சட்டம் எழுத முடியாது, அது எனக்கும் தெரியும். அவளுடைய டாக்டருக்குத் தொலைபேசி போட்டோம். அவருடைய எல்லா நோயாளிகளிடமும் அதே கதைதான், ஒருவருக்கும் மயக்கம் இல்லை. கம்பெனி விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்ததிலும் போதைக்கு அடையாளமே இல்லை என்றார். நெய்னா வாசகத்தில் முதுகைப் பற்றிய அந்த ஒரு வரியைச் சேர்த்தார். வியாபாரிகளின் மாத்திரை அத்தனையும் உள்ளே, ரூபி வெளியே. அழகப்பன் படித்தார், இன்னொரு தடவை படித்தார், கையெழுத்துப் போட்டார். எனக்கு அந்த அறையிலேயே ஆட வேண்டும் போல இருந்தது. ரூபியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

அவள் என் தோளிலிருந்து விலகி, மேசைமேல் இருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

"அக்கா, நான் உன் தங்கச்சியா இருந்ததால பொழைச்சேன். கெமிஸ்ட் அக்கா இல்லாதவங்க மாத்திரைய யாரு பாத்தீங்க?"

நாங்கள் உடைத்துப் பார்த்ததெல்லாம் எங்கள் மூன்று வீட்டு அலமாரியும் சேக் தாவூதின் கடையும்தான். அதை ஊர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

"வெள்ளிக்கிழமை அனுப்பணும்," என்றார் அழகப்பன், மெல்ல. "தள்ளிப் போட்டா அந்தக் கிளமெண்டி ஆள் இன்னும் கொஞ்ச நாள் வித்துக்கிட்டு இருப்பான்."

அவன் சிரிப்பு எனக்கு மறக்குமா? இருந்தும் சொன்னேன். "விப்பான் சார். அவன இன்னொரு நாள் பிடிச்சுக்கலாம். மருந்து நின்னு போனவங்களுக்கு இன்னொரு நாள் கிடைக்குமோ என்னமோ."

அழகப்பன் என்னை முறைத்தார். பிறகு தொலைபேசியை எடுத்து, அமைச்சில் இன்னும் அவகாசம் வேண்டுமென்று அவரே கேட்டார். வரையறையை எல்லா ஆஸ்பத்திரிக்கும், கிளினிக்குக்கும், பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பி, உங்களிடம் இருப்பது எதுவும் இதில் மாட்டுகிறதா என்று கேட்டோம். ஒரு வாரம் ஆய்வுக்கூடத் தொலைபேசி ஓயவில்லை. முக்கால்வாசி தொல்லைதான். ஒருவர் தன் பல் டாக்டரின் ஊசி மருந்தைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார். வந்த மருந்தையெல்லாம் சலிக்காமல் இயந்திரத்தில் போட்டேன். ஒன்றும் மாட்டவில்லை. அழகப்பன் தினமும் காலையில் வந்து, 'சொன்னேனே' என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்.

பிறகு ஒரு குழந்தைகள் வார்டிலிருந்து சாயிரா பானு என்று ஒரு தாதி அழைத்தார். மலேசியாவின் ஜொகூரிலிருந்து ஒரு சிறுமி வாராவாரம் உட்லண்ட்ஸ் எல்லை வழியாக அம்மாவோடு வருகிறாள், தசை இறுகிக்கொள்ளும் நோய், இப்போது கொடுப்பது எண் மட்டும் போட்ட மருந்து என்றார்.

"உங்க லெட்டர்ல இருக்குற படத்த எனக்குப் பாக்கத் தெரியல மேடம். மாத்திரைய அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க. இன்னைக்கே பாக்குறேன்," என்றேன்.

மத்தியானம் வந்தது. கரைத்து இயந்திரத்தில் போட்டேன். காகிதம் வெளியே வரவர, கோடுகளை என் விரலால் எண்ணினேன். மூன்று வளையம், முதுகில் ஒன்றுமில்லை. அப்பட்டமாக எங்கள் வரையறைக்குள் விழுந்து கிடந்தது அந்தப் பிள்ளையின் மருந்து.

அழகப்பன் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, கோடுகளின்மேல் பென்சிலை வைத்து, இந்த மருந்து எங்கே வேறுபடுகிறது என்று தேட ஆரம்பித்தார். நான் தொலைபேசியை எடுத்து நெய்னாவைக் கூப்பிட்டேன்.

"பேனாவ எடுங்க," என்றேன். "இன்னொரு ஆள் மாட்டியிருக்கு."