கார் கம்பெனி வேண்டாமென்ற பதினொன்றாவது யோசனை

கானா நாட்டு அக்ராவில் விளம்பரம் எழுதிப் பிழைக்கும் லார்யே, ஒரு புதுக் கார் கம்பெனிக்குப் பதினொரு யோசனைகள் வைத்திருந்தான். மீன்பிடிப் படகைக் கரைக்கு இழுக்கும் கார், கல்யாணப் பெண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும் கார் என்று பத்தையும் கேட்டுக் கொட்டாவி விட்டார்கள். பதினொன்றாவது, கார் வடிவில் ஒரு சவப்பெட்டி. கடைசிப் பயணத்திலும் இறங்க மனம் வராத வண்டி என்று அடியில் ஒரு வரி. படகோட்டிக்குப் படகுப் பெட்டி, விவசாயிக்குக் கோகோக்காய்ப் பெட்டி என்று செய்து புதைக்கிற ஊர்தானே, இதில் என்ன தப்பு என்று நினைத்தான், மடையன். கம்பெனிக்காரர்கள் படத்தைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டார்கள்.

அதோடு தொலைந்திருக்கும். ஆனால் இந்த அவசரக்குடுக்கை அதற்கு முன்பே பக்கத்து ஊரான டெஷியில் தச்சர் சோவாவிடம் பெட்டிக்குச் சொல்லிவிட்டிருந்தான். நம்பர் பலகையில் என்ன எழுதுவது என்று சோவா கேட்டபோது, மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணைச் சொன்னான். அவன் அப்பா அட்ஜெய் முப்பது வருஷம் ஓட்டிய டாக்சியின் எண் அது.

செவ்வாய்க்கிழமை காலை சோவா போன் செய்தார். பெட்டியை வாசலில் காயவைத்தாராம். பழைய டிரைவர்கள் நாலு பேர் எண்ணைப் பார்த்து அழுதுவிட்டு, துக்கம் கேட்க வீட்டுக்கே கிளம்பிவிட்டார்களாம்.

"அப்பா எப்ப தவறினாரு தம்பி?" என்றார்.

அது விளம்பரத்துக்குச் செய்தது என்று கத்திவிட்டு லார்யே போனை வைத்தான். அப்பா உயிரோடு வீட்டில் இருந்தார். மறுநாள் காலை அவருக்கு இதய ஆபரேஷன். சின்ன அதிர்ச்சிகூட ஆகாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

வீட்டுக்குப் போன் போட்டான், எடுக்கவில்லை. டாக்சி பிடித்தான். கடற்கரைச் சாலை நெரிசலில் வண்டி நகரவில்லை. துக்கத்துக்குச் சிவப்புத் துணி போர்த்திய நாலு பேர் கதவைத் தட்டுவதும், அப்பாவே வந்து திறப்பதும் திரும்பத் திரும்பக் கண்முன் வந்தன. பெத்த அப்பனை நானே கொன்னுட்டேன் என்று வாய்விட்டே சொன்னான்.

வீட்டு முற்றத்தில் நாலு டிரைவர்களும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தட்டியபோது கதவைத் திறந்தது அட்ஜெய்தானாம். அவரைப் பார்த்து ஒருவர் தெருமுனை வரை அலறியடித்து ஓடிவிட்டுத் திரும்பி வந்தாராம். விஷயத்தைக் கேட்ட கிழவர் சட்டையை மாட்டிக்கொண்டு டெஷிக்குப் போய்விட்டாராம்.

லார்யே அங்கே ஓடினான். அப்பா பெட்டியின் பக்கத்தில், ஒரு மரக்கட்டைமேல் உட்கார்ந்திருந்தார். மூச்சு இருந்தது.

"அப்பா, இது விளம்பரத்துக்குப்பா. சத்தியமா உங்களுக்கு இல்ல."

"தெரியும். சோவா சொன்னான்." அவர் பெட்டியின் கண்ணாடி வைக்காத ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். "நாளைக்கு என்ன ஆகுமோன்னு ஒரு மாசமா தூக்கமே இல்லடா. நீ பயந்துடுவேன்னு சொல்லல. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

ஒன்றும் ஆகாது என்று ஒரு மாதமாகச் சொல்லிவந்த லார்யேவுக்கு இப்போது அது வாயில் வரவில்லை.

"எனக்கும் பயமா இருக்குப்பா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

கிழவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. தச்சரைக் கூப்பிட்டார்.

"சோவா, நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இதை யாருக்கும் குடுத்துடாத."

சோவா நிமிர்ந்து பார்க்காமல் தலையை ஆட்டினார்.