படம் சொன்ன அளவு

என் அக்காவின் வேலை படம் திறப்பது. வெளியூர் நோயாளிகள் மெயிலில் அனுப்பும் பழைய எக்ஸ்ரே படங்களைத் திறந்து, ஸ்கேன் சென்டரின் கம்ப்யூட்டரில் அவரவர் ஃபைலில் சேர்க்க வேண்டும். ஐந்து வருடம் திறந்தாள், ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. போன திங்கட்கிழமை திறந்த ஒரு படத்துக்குள் எவனோ வேலையைக் காட்டியிருந்தான். எண்ணூறு பேரின் ஃபைல்கள் பூட்டிக்கொண்டன.

‘என் கவனக்குறைவால் படத்தைத் திறந்தேன்’ என்ற கடிதத்தை மேனேஜர் நீட்டினார். கையெழுத்துப் போட்டால் வேறெந்த சென்டரும் அவளைச் சேர்க்காது. போடாவிட்டால் இன்றே வீட்டுக்குப் போகலாம்.

கம்ப்யூட்டர் படிக்கிற தம்பி என்கிற ஒரே தகுதியில் நானும் கூடப் போயிருந்தேன். படம் திறக்கும் மென்பொருளை விற்ற கம்பெனிக்காரர் பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு படமும் தன் அகலம், உயரத்தைத் தானே சொல்லிக்கொண்டு வருமாம். மென்பொருள் அதை நம்பி மெமரியில் அவ்வளவு இடம் ஒதுக்குமாம். இந்தப் படம் நூறு புள்ளி என்று சொல்லிவிட்டு லட்சம் புள்ளியைக் கொட்டியிருக்கிறது. மிச்சம் பக்கத்து இடத்தில் வழிந்து, அங்கிருந்த கட்டளைகள்மேல் ஏறி உட்கார்ந்து, அதுவே நாட்டாமை செய்ய ஆரம்பித்துவிட்டது.

வந்ததை அளந்து பார்க்க மாட்டீர்களா என்று கேட்டேன். அளக்க ஒரு வரி இருந்ததாம். எடுத்துவிட்டார்களாம்.

“ஏன் எடுத்தீங்க?”

“அரை செகண்ட் லேட்டாகுதுப்பா. கஸ்டமருக்குப் பொறுமை இல்ல.”

கஸ்டமரான மேனேஜர் எதிரிலேயே உட்கார்ந்து கடிதத்தின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தார்.

ஏழு மாதத்துக்கு முன்பே இன்னொரு சென்டர் இதே புகாரைக் கொடுத்திருந்ததாம். அதற்குக் கம்பெனி எழுதிய தீர்வு: ‘சிறிய படமாக அனுப்பவும்.’ எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கேட்டாள், இப்போதாவது சரிசெய்தாயிற்றா என்று. திருத்தம் அடுத்த மாதம் வந்துவிடும் என்றார் கம்பெனிக்காரர்.

அக்கா எழுந்து நாற்காலியை மேனேஜர் பக்கம் திருப்பினாள்.

“சார், இன்னிக்குப் பதினாலு படம் வந்திருக்கு. கவனமா எப்படித் திறக்கறதுன்னு ஒரு தடவ காட்டுங்க. பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்.”

மேனேஜர் எழுந்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அம்புக்குறி முதல் படத்தின்மேல் போய் நின்றது. விரல் இறங்கவில்லை. கம்பெனிக்காரரைப் பார்த்தார். அவருக்கு மணி அடிக்காமலேயே ஃபோன் வந்து, வெளியே போய்விட்டார்.

மேனேஜர் எழுந்து கடிதத்தை டிராயரில் போட்டுப் பூட்டினார். அதைப் பற்றி அடுத்த மாதம் பேசிக்கொள்ளலாமாம்.

“அதுவரைக்கும் நீயே திறந்துக்கிட்டு இரும்மா.”

“எழுதிக் குடுங்க சார், நீங்க சொல்லித்தான் திறக்கறேன்னு,” என்றாள் அக்கா. வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்துவிட்டு நின்றாள். நானும் நின்றேன். அவர் இன்னும் பேனாவின் மூடியைக்கூடத் திறக்கவில்லை.