பூந்திக்கொட்டை மீது ஒரு சந்தேகம்

1

என் மனைவியைச் சந்தேகப்பட்டதில் பிறந்த கதை இது. நீங்கள் நினைக்கிற சந்தேகம் இல்லை. துணி துவைக்க அவள் அரைத்து வைத்திருந்த பூந்திக்கொட்டைப் பொடியில் ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்து, நான் உதவியாளனாக இருக்கும் கல்லூரி வேதியியல் ஆய்வகத்துக்கு அவளுக்குத் தெரியாமல் எடுத்துப் போனேன். 1998, ஆகஸ்ட்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'இயற்கையோடு இயைந்து வாழ்ந்த ஒரு பெண்—'

அடித்துவிட்டேன். தமயந்தியைப் பார்த்தால் யாருக்கும் அப்படியெல்லாம் தோன்றாது. காக்ஸ் டவுனில் எங்கள் வாடகை வீட்டின் பின்பக்கம் பத்தடி மண் கிடந்தது. குளித்த தண்ணீரும் துவைத்த தண்ணீரும் நேராகப் போய்ச் சேரும்படி வாய்க்கால் வெட்டி, அங்கே கீரை போட்டாள். அன்றிலிருந்து கடைச் சோப்புத்தூள் வீட்டுக்குள் வரக் கூடாது.

"நாம சாப்புட்ற கீரைங்க. அதுல போய் கண்ட பவுடரையும் ஊத்துவாங்களா?"

துணிக்குப் பூந்திக்கொட்டை, தலைக்குச் சீயக்காய், பாத்திரத்துக்குச் சாம்பல். காய்கறித் தோலெல்லாம் ஓட்டைப் பானையில் எருவாகிக்கொண்டிருக்கும்.

2

இரண்டாம் வகுப்பு படித்த எங்கள் மகள் தாரணிக்கு முதுகில் தடிப்பு வந்தது. சட்டையைத் தூக்கிக் காட்டினாள். வரிவரியாகச் சிவந்திருந்தது.

"கிளாஸ்ல சொறிஞ்சா மிஸ் திட்றாங்கப்பா."

எனக்கு உடனே பொடி மேல்தான் சந்தேகம். மல்லேஸ்வரம் சந்தையில் எவனோ அள்ளிப் போட்ட காய். எந்தத் தரையில் உலர்த்தினானோ. (இந்த இடத்தில் ஒரு நல்ல கணவன் மனைவியிடம் பேசியிருப்பான். அப்படி ஒருவனை எழுதிப் பார்த்தேன். நம்பும்படியாக வரவில்லை.)

3

இதுவரை உங்களிடமும் ஒன்றை மறைத்திருக்கிறேன்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, தாரணியின் பள்ளி டைரியில் ஒரு வரி எழுதி வந்தது: புதன்கிழமை வெள்ளைச் சீருடை பழுப்பாக இருக்கிறது. எனக்கு அவமானமாக இருந்தது. தமயந்தியிடம் காட்டாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, ஒரு பாக்கெட் சோப்புத்தூள் வாங்கி வந்தேன். செவ்வாய்தோறும் மாலையில் மர்பி டவுன் சர்ச் ஹாலில் துணிப்பை தைக்கச் சொல்லிக்கொடுக்க அவள் போய்விடுவாள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் சீருடையை மறுபடி துவைப்பேன். அவசரத்தில் இரண்டே தண்ணீர் அலசி, இஸ்திரி போட்டுக் காயவைத்துவிடுவேன். அழுக்குத் தண்ணீரை வாளியோடு தூக்கிப்போய்த் தெருச் சாக்கடையில் கொட்டுவேன். சீருடை பளீரென்று இருக்கும்.

"இந்த வாட்டி காய் நல்ல காய்," என்று அவள் சந்தோஷப்பட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்க—

ஆய்வகத்தில் அவள் பொடியைக் கரைத்துச் சோதித்தேன். நீல லிட்மஸ் தாள் லேசாகச் சிவந்தது; எலுமிச்சைக்கும் அப்படித்தான் சிவக்கும். பிறகு, எதற்கென்று தெரியாமலே, என் சோப்புத்தூளையும் கரைத்தேன். சிவப்புத் தாள் சட்டென்று கருநீலமானது.*

* இரண்டு தாள் துண்டுகள் ஒரு குழந்தையின் முதுகைப் பற்றி எதையும் நிரூபிக்காது. எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் அது போதுமானதாக இருந்தது.

4

மறுநாள் டாக்டரிடம் போனோம்.

"வீட்ல துணிக்கு என்ன போடறீங்க?"

தமயந்தி என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம் திரும்பி, "எல்லாம் நானே செய்யறதுதான் டாக்டர்," என்றாள்.

"அதான் பாருங்க. எல்லாத்தையும் நிறுத்துங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. அன்று மாலையே ஒரு வருடத்துக்கென்று அரைத்து வைத்த பொடியை டப்பா டப்பாவாக எருப்பானையில் கவிழ்த்தாள். "என் கையாலயே புள்ளைக்குப் பண்ணிட்டனே," என்றாள். நானும் செவ்வாய்க்கிழமை வேலையை விட்டுவிட்டேன். பத்து நாளில் தடிப்பு அடங்கியது. நல்ல பெயர் டாக்டருக்குப் போனது, பழி அவளுக்கு.

அதன்பின் கடைச் சோப்புக்கட்டியால் துவைத்து, நான்கு தண்ணீர் அலசி, வாளி வாளியாகத் தெருவுக்குச் சுமந்தாள். கீரைக்குத் தனியாகத் தண்ணீர் பிடித்தாள்.

5

நான்கு மாதம் கழித்து இதையே கதையாக எழுதினேன். கணவனுக்கு அர்ஜுனன், மனைவிக்குப் பாமா என்று பெயர் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை அவளிடம் வாசித்துக் காட்டினேன். கோழைக்கு அதைவிட நல்ல வழி கிடைக்காது. அவள் ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கிக்கொண்டே கேட்டாள்.

"டாக்டர்கிட்ட கூட வாயத் தொறக்கலியா அந்தாளு?"

"இல்ல."

"பாமா?"

"அவளுக்கு எதுவும் தெரியாது."

இரண்டு மூன்று கொட்டைகள் கிண்ணத்தில் விழுந்தன.

"பாக்கெட்ட எங்க ஒளிச்சு வெச்சான்?"

"அது... இன்னும் எழுதல."

"லாஃப்ட்ல, ஒடஞ்ச ஸ்டவ்வுக்குப் பின்னாடின்னு எழுதுங்க," என்றாள், தலை நிமிராமல்.

அங்கேதான் வைத்திருந்தேன்.

6

இரண்டு முடிவுகள் வைத்திருக்கிறேன். ஒன்றில், டாக்டரைப் பார்த்த பிறகு ஏதோ தேடப்போய்ப் பாக்கெட்டைக் கண்டுபிடிக்கிறாள். நானாகச் சொல்லட்டும் என்று நான்கு மாதம் காத்திருக்கிறாள். மற்றதில், டாக்டரிடம் போவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். அப்படியென்றால் அன்று அவள் என்னைப் பார்த்த பார்வை—

இரண்டையும் அடித்துவிட்டேன். அர்ஜுனன், பாமா என்ற பெயர்களையும்.

வாசித்துக் காட்டிய மறுநாளே அவள் மல்லேஸ்வரம் போய்ப் பூந்திக்கொட்டை வாங்கி வந்தாள். எங்கே ஒளித்தான் என்றுதான் கேட்டாள். ஏன் என்று இதுவரை கேட்கவில்லை. இந்த வரியை எழுதும்போது சமையலறையிலிருந்து கூப்பிடுகிறாள். வெறும் சாப்பாட்டுக்காகவும் இருக்கலாம். முடிவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுந்து போகிறேன்.