முப்பதாவது மீட்டர்

நிலக்கரி மின்நிலையத்தை மூடியபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. உலக நாடுகளெல்லாம் கூடிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். புகையைக் குறைத்தாக வேண்டும். அதில் தப்பில்லை என்றுதான் அவருக்கும் பட்டது. சாம்பல் படியாத துணி மின்நிலையக் குடியிருப்பில் எந்த வீட்டுக் கொடியிலும் கிடையாது. ஆனால், இருபத்தேழு வருடம் கொதிகலன் முன்னால் நின்றவருக்கு அரசாங்கம் காட்டிய மாற்று வேலை, காற்றாலைக் கோபுரத்தில் ஏறிப் பழுது பார்ப்பது.

பயிற்சி விடுதி வீட்டிலிருந்து ஒரு நாள் ரயில் பயணம். கூட இருந்தவர்கள் எல்லாரும் பிள்ளை வயதுக்காரர்கள். அவருக்கு 'பாய்லர்' என்று பெயர் வைத்தார்கள். மரியாதைக்குக் குறைவில்லை, அவர் உள்ளே வந்தால் மட்டும் சிரிப்புப் பேச்சு சட்டென்று நின்றுவிடும்.

முதல் தடவை ஏறியபோது, முப்பதாவது மீட்டரில் கை ஏணியோடு ஒட்டிக்கொண்டது. விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பயிற்சி கொடுக்கும் பெண் பின்னாலேயே ஏறி வந்தாள்.

"சார், நான் உங்க காலுக்குக் கீழேயே இருக்கேன்."

"எனக்கு ஏற வராதும்மா."

"ஏற வேண்டாம். ஒவ்வொரு படியா இறங்குங்க, போதும்."

இறங்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

சாயங்காலம் மனைவி போன் செய்தாள். "ஏறிட்டீங்களா?"

"உச்சி வரைக்கும்."

"மேல எப்படி இருந்துச்சு?"

"பொய் சொல்லிட்டேன். பாதியிலேயே நின்னுட்டேன்."

"பத்திரமா இறங்கிட்டீங்கல்ல?"

"ம்."

"அப்ப சாப்பிட்டுப் படுங்க. மத்ததைப் பாத்துக்கலாம்."

போனை வைத்த பிறகு கட்டிலில் உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதார்.

பயிற்சி கொடுத்த பெண்தான் அவருக்காக மேலிடத்தில் பேசினாள். கோபுரத்தடியில் ஒரு வேலை கிடைத்தது. பாதிச் சம்பளம், குடும்பத்துக்கு வீடு கிடையாது. மின்நிலையக் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு, மனைவி அவளுடைய அக்கா வீட்டோடு போய்விட்டாள். வருடத்துக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்கிறார்கள்.

ஏறப்போகிறவர்களின் இடுப்பு வாரை இழுத்துப் பார்த்து அனுப்புவதுதான் இப்போது அவர் வேலை. அனுப்பிவிட்டு உட்காரலாம், யாரும் கேட்கப்போவதில்லை. அவர் உட்காருவதில்லை. மேலே கடைசி ஆள் இருக்கும்வரை அங்கேயே அண்ணாந்து நிற்கிறார். மதியச் சாப்பாடும் தனியாக, நின்றபடியேதான்.